இரண்டு முகமுள்ள பேருந்து

மூன்று கிரெடிட் பாடம் அது.
பெயர், சமூகத்தோடு இணைந்த கலை.
குன்னூரிலிருந்து ஐந்து பேர் போனோம்,
நான்கு வாளி டிஸ்டெம்பர், ஓர் ஏணி,
முன்பே வரைந்து முடித்த மாதிரிப் படம்:
கூடை சுமந்து சிரிக்கும் பெண்கள்,
பின்னால் யானை, அதற்கும் பின்னால் சூரியன்.

கோத்தகிரி தாண்டி, பத்தாம் நம்பர் டிவிஷனில்
மண் சரிந்த இடத்தில் எழுப்பிய தடுப்புச்சுவர்.
மதியக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு
யோகராணி அக்கா படத்தை வாங்கிப் பார்த்தார்.
தலைகீழாகப் பிடித்தும் ஒருமுறை பார்த்தார்.
"இவ்வளவு பல்லு தெரிய யாரு கொழுந்தெடுக்கிறா,
கால்ல அட்டை ஏறுற நேரத்துல?"
யானையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
போன மாதம் அது ரேஷன் கடைக் கதவைப் பிரித்ததை
டெல்மாவுக்கு வேறு யாரோ சொன்னார்கள்.

சரி, என்ன வரையலாம் என்றோம்.
ஒன்றே முக்கால் பஸ், என்றார்கள்.
வராத பஸ்.
வந்தாலும் கீழ் வளைவிலேயே திரும்பிக்கொள்ளும் பஸ்.

என்ன நிறம்?
பச்சை என்றது ஒரு வாசல், நீலம் என்றது எதிர் வாசல்.
"பனிக்குள்ள பாத்த வண்டிக்கு ஏதுங்க கலரு?
முதல்ல உறுமல், அப்புறம் ரெண்டு லைட்டு,
அப்புறம் நம்ம ஓட்டம். அவ்வளவுதான் தெரியும்"
என்றார் மருந்தடிக்கும் சிலுவைமுத்து.
உறுமலை எப்படி வரைவதென்று
அஷ்வாக் இரண்டு நாள் யோசித்தான்.
பிறகு பிரஷ்ஷைக் கழுவாமல்
அடுப்புச் சாம்பலில் முக்கி இழுத்தான்.
ஓரளவு உறுமியது.

ஜன்னல்கள் பதினொன்று.
ஏற வேண்டியவர்கள் முப்பத்து நான்கு பேர்.
ஓட்டுநர் இருக்கையை ஏழாம் வகுப்புக் கீர்த்திகா
யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டாள்.
நடத்துநராக இருக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை,
சில்லறைத் தகராறு சுவரிலும் வேண்டாமென்று.

யோகராணி அக்கா ஜன்னல் கேட்கவில்லை.
"நான் உக்காந்து போனதே இல்ல.
கம்பியப் பிடிச்ச கை மட்டும் போடு."
கையை வரைந்தேன்.
விரல் இடுக்கில் ஏறியிருக்கும் அந்தக் கறைக்கு
எங்கள் நான்கு வாளியிலும் நிறமில்லை.
கொஞ்ச நேரம் பார்த்திருந்தார்,
சாக்கிலிருந்து ஒரு பிடி இலையை எடுத்துக்
கசக்கி அவரே தேய்த்துவிட்டுப் போனார்.

கடைசி நாள்தான் பெரிய சண்டை.
வண்டி போகிறதா, வருகிறதா?
டவுனுக்குப் போகட்டும் என்றது ஒரு பாதி,
ஆஸ்பத்திரி, அரிசி, காலேஜ் எல்லாம் அங்கேதானே.
"போறது எப்படியோ போயிடுறோம்.
திரும்பத்தான் வண்டியில்ல" என்றது மறுபாதி.
மழை பிடித்தது. யாரும் கலையவில்லை.
தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு
சுவரின் இரண்டு முனையிலும்
விளக்கு வைத்தோம்.

வெளித்தேர்வாளர் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
"இது எந்தப் பக்கம்மா போகுது?"
எனக்குப் பதில் தெரிந்திருந்தது, வாய் வரவில்லை.
இருபத்தைந்துக்குப் பதினேழு.
படிவத்தில், பயனாளிகள் எண்ணிக்கை என்ற கட்டத்தில்
முப்பத்தொன்பது என்று எழுதியிருந்தேன்.
கூட்டல் தப்பு என்று சுழித்திருந்தார்கள்.

கார்த்திகை கடைசியில் மறுபடி போனேன்.
வேலையாக ஒன்றுமில்லை, சும்மாதான்.
டிஸ்டெம்பர் பாதி உரிந்து
சக்கரங்களில் பாசி ஏறியிருந்தது.
நிறம் தீர்ந்து நாங்கள் விட்டுவந்த ஒன்பதாம் ஜன்னலில்
யாரோ கரிக்கட்டையால் ஓர் ஆட்டை ஏற்றியிருந்தார்கள்.
டிக்கெட் கேட்டால் முட்டும் போல
நன்றாகவே வரைந்திருந்தார்கள்.

மணி இரண்டு பத்து.
அதன் பக்கத்தில் நின்று
நானும் காத்திருந்தேன்.